நடந்ததை மட்டும் கேட்ட கம்பவுண்டர்

அக்கிராசனம் வகிக்கும் தலைவர் அம்பலவாண பிள்ளை அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் திருச்சபை உபதேசியார் வேதநாயகம் அவர்களே, முக்கூடல் பெரியோர்களே, தாய்மார்களே!

ஆயுளெல்லாம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் பேசிப் பழகியவன் நான்; இன்று இரங்கல் பேச வந்திருக்கிறேன். நம் தர்ம வைத்தியசாலையின் கம்பவுண்டர் தேவசிகாமணி ஐயா அவர்கள் மறைந்துவிட்டார்கள். இன்று காலையிலும் நோயாளிகள் அந்தப் பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். இனி அவர்கள் யாரிடம் போவார்கள்?

மருந்து கொடுக்க வேறொருவரை அனுப்புவார்கள். ஆனால் அவர் நோயாளியிடம் பேசிய விதம்! அதை யார் அனுப்புவார்கள்?

ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். உலகம்மாள் என்ற அம்மாள் வந்தாள். “ஐயா, எங்க மதினி கண்ணு வச்சிட்டா. வயித்தப் பொரட்டுது” என்றாள்.

“வயித்தப் பொரட்டுதுல்லா? அதுக்குப் பொடி இருக்கு. மதினிக்குப் பொடி நம்மகிட்ட இல்லயே தாயி!”

வலியோடு வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரிடமும் அவர் இப்படித்தான். நடந்ததைக் கேட்பார். நோயாளி அதன் மேல் ஏற்றிவைத்ததை எல்லாம் பைய இறக்கி வைப்பார். தெருவில் ஒருவர் நம்மைப் பார்க்காமல் போகிறார். போனார், அவ்வளவுதானே? அவருக்குக் கர்வம் என்று யார் சொன்னது? நாம்தானே சொல்லிக்கொண்டோம்! அந்தச் சொல்தானே இரவெல்லாம் நம்மைத் தூங்கவிடாமல் குத்துகிறது!

இன்னொன்று சொல்கிறேன். தலைவர் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இந்த வைத்தியசாலை தொடங்கிய புதிதில், ஐயா கிறிஸ்தவர் என்பதால், வேதக்காரர் கையால் தண்ணீர் வாங்கலாகாது என்று சைவக் குடும்பத்தார் தம் வீட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டு வருவார்கள். செம்பைத் தொடாமல் மருந்தை அதில் உயர இருந்து போட வேண்டும். நம் தலைவரும் அப்படி ஒருநாள் வந்து போனார். பார்த்திருந்த உபதேசியாருக்குக் கோபம் பொங்கிற்று.

“இந்த அவமானத்த எப்படிவே பொறுத்துக்கிடுதீரு?”

“அவரு தண்ணி கொண்டாந்தாரு. அவமானத்த நீருல்லாவே கொண்டாந்தீரு!”

மறுநாள் முதல் ஐயா பொடிகளைக் காகிதத்தில் மடித்து எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கினார். அவரவர் வீட்டில் அவரவர் தண்ணீர். செம்பு கொண்டுவந்த அந்த வழக்கம் சரியா என்று கேட்டால், எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆனால் அவர் அன்று கோபத்துக்கு இடம் கொடுத்திருந்தால் எத்தனை வீட்டில் காய்ச்சல் இறங்காமலே போயிருக்கும்! அந்தத் தலைவரே அல்லவா இன்று இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்கிறார்!

இப்போது, சொல்லக் கஷ்டமானதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் அடைமழையில், பக்கத்து ஊரில் பேதி கண்ட ஒருவரைப் பார்க்க ஐயா புறப்பட்டார். வண்டி ஓட்டியவர் நம் ஊர் மாட்டுவண்டிக்காரர் பாபநாசம். ஆற்றங்கரைச் சரிவில் மாடு வழுக்கிற்று. வண்டி கவிழ்ந்தது. ஐயாவுக்குத் தலையில் அடிபட்டது. விடிவதற்குள் உயிர் பிரிந்தது. நடந்தது இவ்வளவே.

அன்று முதல் பாபநாசத்தின் வண்டியில் ஒருவரும் ஏறவில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் மூட்டையைத் தலையில் சுமந்து போகிறார்கள், அவரைக் கூப்பிடவில்லை. அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வண்டியை நம்பித்தான். கொலைகாரன் என்று காதுபடச் சொல்கிறார்கள். துக்கம் கேட்கப் போன ஒருவர் ஐயாவின் மனைவியார் கெசியா அம்மாளிடமே சொல்லிவிட்டார்:

“அந்தப் பய குடிச்சிட்டுல்லாக்கா ஓட்டிருக்கான்!”

“நீங்க பாத்தியளா?”

“பாக்கல. ஆனா குடிக்கிறவந்தானே?”

“மாடு வழுக்குச்சு. வண்டி கவுந்துது. அவிய போயிட்டாவ. என்னால தாங்க முடியிறது அம்புட்டுதான். இதுக்கு மேல ஒண்ணையும் எந்தலையில ஏத்தாதீய!”

சபையோரே! பாபநாசம் குடிப்பவர்தான்; மறைக்கவில்லை. அன்று குடித்திருந்தாரா? எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்குத் தெரியும்? தெரியாததை வைத்து ஒரு குடும்பத்தைப் பட்டினி போடலாமா? தேவசிகாமணி ஐயாவின் பெயரால் போடலாமா?

அவருக்குப் படம் திறப்போம், நல்லது. வைத்தியசாலைக் கதவு மூடாமல் பார்த்துக்கொள்வோம், அதுவும் நல்லது. ஆனால் அவர் நாள்தோறும் செய்த வேலை ஒன்று இருக்கிறதே! கண்டதோடு நிறுத்திக்கொள்ளும் வேலை. அதைத் தொடர்வதாக இந்தச் சபை முன்னால் நான் உறுதி சொல்கிறேன். உங்களையும் சொல்லச் சொல்கிறேன்.

பாபநாசம் உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கூட்டம் முடிந்ததும் கெசியா அம்மாளும் நானும் அந்த வண்டியில்தான் வீடு திரும்புகிறோம். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

யார் வருகிறீர்கள்?