பேசாமலிருக்கும் உரிமை

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். சீருடை இல்லாமல் உங்களை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று, சப்-இன்ஸ்பெக்டர். சஸ்பெண்ட் ஆனதும் மனிதர்கள் இப்படியா சுருங்கிப்போவார்கள். நான் சொல்வதைப் போனில் பதிவு செய்வதாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். விடுதலையானவனை அதே குற்றத்துக்காக மறுபடியும் கூண்டில் ஏற்ற முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.

குடித்துவிட்டு வண்டியோட்டிச் சிக்குகிறவர்களுக்காக வாதாடுவதுதான் என் பிழைப்பு. என் கட்சிக்காரர்களைப் போல மட்டமான பிறவிகளை நான் பார்த்ததில்லை. டாக்டரோ வியாபாரியோ, போலீஸைக் கண்டதும் உளறிக் கொட்டிவிடுவான். "ரெண்டே ரெண்டு பெக்தான் சார்" என்பான். அவனை யார் கேட்டார்கள்?

ஒரு முறை சிக்கியவன் மறுமுறையும் சிக்குவான் என்பதால், அவர்களுக்கு இந்த அறையிலேயே பயிற்சி கொடுப்பேன். ஆடுகிற நாற்காலியில் கட்சிக்காரன் உட்காருவான். என் குமாஸ்தா போலீஸ்காரனாக மாறி எதிரே நிற்பான். அதட்டுவான், கெஞ்சுவான், தோளில் கைபோட்டுச் சிகரெட் நீட்டுவான். கட்சிக்காரன் வாய் திறக்கக் கூடாது. "வீட்ல குழந்தை இருக்காய்யா? அது மேல சத்தியமா சொல்லு" என்று அவன் குரலை இறக்கும்போது பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். உங்கள் ஸ்டேஷன் முழுக்கச் சலித்தாலும் அந்தத் திறமை ஒருவரிடமும் கிடைக்காது.

அன்று மதியம், எங்களோடு வக்கீலாக இருந்த ஒருவர் நீதிபதியானதற்கு விருந்து வைத்தார். நன்றாகவே குடித்தேன். திரும்பும்போது தூறல். ஆற்றோரச் சாலையின் வளைவில் ஒரு சைக்கிளை இடித்தேன். இறங்கிப் பார்த்தேன். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பள்ளத்தில் கிடந்தவன் என் குமாஸ்தா. மறுநாள் வழக்குக்கான காகிதக் கட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தான். இடுப்புக்குக் கீழே பார்க்கும்படியாக இல்லை.

"நல்லவேளை, நீங்க வந்தீங்கய்யா. எவனோ இடிச்சுத் தள்ளிட்டான்" என்றான்.

காரில் ஏற்றியிருக்கலாம். சீட்டில் படியும் ரத்தம் கோர்ட்டில் என்னவாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

"அசையாம இரு. ஆள் கூட்டிட்டு வரேன்."

"சரிங்கய்யா. கட்டு நனைஞ்சிடும், நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

நான் எடுக்கவில்லை. கட்டு என்னிடம் இருந்தால், நான் அந்த இடத்தில் நின்றதற்கு அதுவே அத்தாட்சி. குடித்திருந்தாலும் எனக்குப் புத்தி மழுங்குவதில்லை.

ஆள் கூட்டிவரத்தான் கிளம்பினேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அடுத்த திருப்பத்தில் நீங்கள் நின்றிருந்தீர்கள். உடைந்த விளக்கைப் பார்த்தீர்கள், என் வாயை முகர்ந்தீர்கள். பிறகு உங்கள் உத்தியோகத்திலேயே நீங்கள் கேட்ட ஒரே உருப்படியான கேள்வியைக் கேட்டீர்கள்.

"சார், வழியில யாராவது அடிபட்டுக் கிடக்காங்களா? அத மட்டும் சொல்லுங்க. நான் எழுதிக்க மாட்டேன்."

"என் வக்கீல் வர்ற வரைக்கும் பேச மாட்டேன்" என்றேன்.

அதோடு உங்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குழாயில் ஊத மறுத்ததும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனீர்கள். இரண்டு கான்ஸ்டபிள்கள் என்னை அமுக்கிப் பிடிக்க, ஊசி குத்தி ரத்தம் எடுத்தீர்கள். நீதிபதிக்கு ஒரு போன் போட்டு அனுமதி வாங்கியிருந்தால் நான் இன்று உள்ளே களி தின்றுகொண்டிருப்பேன். அந்தச் சின்ன வேலைக்கு உங்களுக்குப் பொறுமையில்லை. உடம்பு என்னுடையது, உள்ளே ஓடுவதும் என்னுடையது என்று நான் எழுந்து சொன்னபோது நீதிபதி தலையாட்டினாரே, அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரத்தப் பரிசோதனை செல்லாது என்றானதும் மற்றதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. பள்ளத்தருகே கிடைத்த விளக்கின் கண்ணாடிச் சில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதே கார் ஊரில் எத்தனை ஓடுகிறது.

வாயை மூடியிருப்பது என் உரிமை. அந்தச் சாலையில் திரும்பி நடந்து பார்ப்பது உங்கள் கடமை. கூப்பிடு தூரம்தான். நீங்களோ என் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தீர்கள். அவன் விடியும் வரைக்கும் உயிரோடு இருந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் சொன்னார்கள். மேலே ஏற முயன்ற தடமே பள்ளத்தில் இல்லை என்றார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அசையாமல் இரு என்று நான் சொல்லியிருந்தேன். அவன் சொன்னால் கேட்கிறவன்.

அவன் மனைவிக்கு இங்கேயே வேலை போட்டுக் கொடுத்திருக்கிறேன். "அண்ணா, நீங்க மட்டும் இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்" என்பாள். நீங்கள் என்மேல் பொய் வழக்குப் போட்டதாகவே நம்புகிறாள். இப்போது உங்களுக்கு டீ கொண்டுவரப் போகிறவள் அவள்தான், முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

"பேச வேணாம் சார், கைய நீட்டிக் காட்டியிருந்தாக்கூடப் போதுமே" என்கிறீர்கள். கையை நீட்டிக் காட்டுவதும் சட்டத்தின் முன் பேச்சுதான், எனக்கு எதிராகவே அது திரும்பும். இதைக்கூடவா போலீஸ்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டும்? என் குமாஸ்தா மட்டும் இன்று உயிரோடு இருந்திருந்தால், என் பக்கத்து நியாயத்தை அவனே உங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லியிருப்பான்.