ஏழாவது மாடிச் சொர்க்கம்

இல்லம்மா, நான் இங்க குடியிருக்கிற ஆள் இல்ல. அத நான் ஒளிக்கவே இல்லையே. எந்த வீட்டுக்கும் வரல, டெலிவரியும் இல்ல. ஏழாவது மாடித் தோட்டத்துக்குப் போகணும், பத்து நிமிஷம், அவ்வளவுதான். அங்க ஒரு பவழமல்லி மரம் நிக்குது. இன்னிக்கு ஒம்பது மணிக்கு அத வெட்ட ஆள் வர்றாங்க. உங்க செக்யூரிட்டி புக்குலயே எழுதியிருக்கும் பாருங்க. இருக்கா? ஆங். அதுக்கு முன்னாடி நான் மேல போயாகணும்.

ஏன்னா அந்தத் தோட்டத்தப் போட்டதே நான்தான்.

சிரிக்காதீங்கம்மா, நெசமாத்தான். இந்தாங்க என் ஐசி, அடையாள அட்டை. ஞானசேகரன். முப்பத்தோரு வருஷம் இதே வேலை, தோட்டம் டிசைன் பண்றது. போன வருஷம் ரிட்டயர் ஆனேன், பாஸ் கார்டெல்லாம் வாங்கிக்கிட்டாங்க. லாபியில பித்தளைப் பலகை மாட்டியிருக்கே, அதுல கம்பெனி பேருதான் இருக்கும், என் பேரு இருக்காது. அத வச்சு நான் எப்படி நிரூபிக்கிறது, சொல்லுங்க?

பாக்கியலட்சுமியா உங்க பேரு? சட்டையில போட்டிருக்கு. ஜோகூரா? டெய்லி காஸ்வே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கா வர்றீங்க? அடேங்கப்பா, அப்ப நாலு மணிக்கே எந்திரிக்கணுமே. செக்பாயிண்ட் கேட்டுல நிக்கிறதுன்னா என்னான்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

கூப்பிடுங்க, சூப்பர்வைசரக் கூப்பிட்டுக் கேளுங்க. நான் நிக்கிறேன்.

என்னாவாம்? மேனேஜர் ஒம்பதரைக்குத்தான் வருவாரா? நல்லா இருக்கு லா! வெட்டுறவன் ஒம்பது மணிக்கு வருவான், பாக்க விடுறவரு ஒம்பதரைக்கு வருவாரா? அதுவும் இல்லாம இப்பவே ஆறு நாப்பது. ஏழு மணிக்கு ப்ளோயர் மெஷின் வச்சு உதிர்ந்ததையெல்லாம் ஊதித் தள்ளுறவரு மேல வந்துருவாரு. ராத்திரி பூத்து விடியறதுக்குள்ள உதிர்ற பூவும்மா அது. அவரு ஊதிட்டா அப்புறம் நான் போயி என்னத்தப் பாக்குறது?

சரி, ஒண்ணு கேக்குறேன். பின்னாடி குப்பை ரூம் பக்கத்துல சரிவுப் பாதை ஒண்ணு போகும், அங்கருந்து சர்வீஸ் லிஃப்ட். அது வேலை செய்யுதா? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

ஆறு வருஷம் இருக்கும். இந்தக் காண்டோ அடுக்குமாடியக் கட்டின முதலாளி எங்கயோ டூர் போயி, ராஜாங்க கட்டின தோட்டமெல்லாம் பாத்துட்டு வந்துட்டாரு. மீட்டிங்ல உக்காந்ததும், எனக்கு சொர்க்கம் வேணும்ங்கிறாரு. ஏழாவது மாடி, ஏழாவது சொர்க்கம், விளம்பரத்துக்கு நல்லா இருக்கும்ங்கிறாரு. என்கூட ஃபாரூக்குன்னு ஒருத்தன் வேலை பாத்தான். அவன் குர்ஆன்ல வர்ற நாலு ஆத்தப் பத்திச் சொன்னான். தண்ணி, பாலு, தேனு, மதுன்னு நாலு. நான் இந்திரன் தோட்டம், கற்பக மரம்னு ஆரம்பிச்சேன். மத்தியானம் தேக்கா மார்க்கெட்டுல பிரியாணி வாங்கி வச்சுக்கிட்டு, கை கழுவக்கூட எந்திரிக்காம வரைவோம் ரெண்டு பேரும். மூணு மாசம். அவ்வளவு சந்தோஷமா நான் வேலை பாத்ததே இல்லம்மா.

அப்புறம் முதலாளியோட கமிட்டி வந்துச்சு.

நாலு ஆறு வேணாம், கொசு வரும்னாங்க. கொசு வரும்தான், ஒத்துக்கிறேன், டெங்கி விளையாட்டு இல்ல. தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா கொசு எங்கருந்து வரும்னு கேட்டேன். பம்ப் நின்னுட்டா என்னா பண்ணுவீங்கன்னாங்க. கடைசியில நாலு வாய்க்காலுக்கும் நீலக் கண்ணாடிக் கல்லக் கொட்டி மூடியாச்சு. மாதுளை வைக்கலாம், பழம் விழக்கூடாதுன்னாங்க. குருவி வரலாம், சத்தம் கூடாதுன்னாங்க. பெஞ்சு போடலாம், ஆனா யாரும் படுத்துறக்கூடாது, நடுவுல ஒரு கைப்பிடி வச்சுருங்கன்னாங்க. வச்சேன். நான் ஒண்ணும் உத்தமன் இல்ல, அந்தக் கைப்பிடிய என் கையாலதான் வரைஞ்சேன். சொர்க்கத்துல போயி முதுக நீட்டி ஒரு நிமிஷம் படுக்க முடியாதுன்னா அது என்னா சொர்க்கம், சொல்லுங்க?

ஃபாரூக் இன்னொண்ணும் சொன்னான். அந்தக் காலத்துல பாரசீகத்துல பாரடைஸ்ங்கிற வார்த்தைக்கே நாலு பக்கமும் சுவர் எழுப்பின தோட்டம்னுதான் அர்த்தமாம். நாங்க சொன்னதுல அத ஒண்ண மட்டும்தான் கமிட்டி ஒரு கேள்வி கேக்காம ஒத்துக்கிச்சு. சுவரும் வந்துச்சு, கேட்டும் வந்துச்சு, கார்டத் தட்டினா பீப்புன்னு கத்துற பூட்டும் வந்துச்சு.

வழி மறைக்கிறேனா? சாரி, சாரி. கார் போகட்டும்.

ஏன் வெட்டுறாங்கன்னுதானே கேக்குறீங்க? பூ விழுந்து தரை கறையாகுதாம், யாரோ வழுக்கி விழப் பாத்தாங்களாம். அது பரவாயில்லம்மா, பேசிச் சமாளிச்சிருக்கலாம். ஆனா அந்த மரம் லிஸ்டுல இல்ல. இங்க நாப்பத்திரெண்டு வகைச் செடிக்குத்தான் அனுமதி. இது நாப்பத்திமூணாவது. நடுற அன்னிக்கு லாரியில என் செடி ஒண்ணையும் ஏத்தி விட்டேன். யாருக்கும் தெரியாது, சுதாவுக்கு மட்டும் தெரியும். எனக்குக் கீழ வேலை பாத்த பொண்ணு, நேத்து சாயங்காலம் இந்த வெட்டுற விஷயத்தச் சொன்னதும் அவதான். சார், பராமரிப்புப் புத்தகத்துல பதினாறாம் பக்கம், லிஸ்டுல இல்லாத செடி எது இருந்தாலும் உடனே அகற்றணும்னு இருக்கு சார், அதத்தான் காட்டுறாங்கங்கிறா. அந்தப் பதினாறாம் பக்கத்த எழுதினது யாரு? நான்தான்! குடியிருக்கிறவங்க ஆளாளுக்குத் தொட்டியக் கொண்டாந்து வச்சு என் டிசைனக் கெடுத்துருவாங்கன்னு எழுதினேன். என்னா திமிரு பாருங்க.

கிளைய ஒடிச்சு வேற எடத்துல வைக்கலாம்தான். வேர் விடும். சுதாவும் எடுத்து வைக்கிறேன்னுதான் சொல்லியிருக்கா. எங்கம்மா வைக்கிறது? திரும்ப அதே காரிடார்லயா?

ஆமா, காரிடார்ல இருந்த செடிதான் அது. பிடோக்ல, எங்க வீட்டு வாசல்ல, பெரிய தொட்டியில. என் வீட்டுக்காரி விசாலாட்சி வளர்த்தது. காலையில அஞ்சு மணிக்குத் தொட்டியச் சுத்திப் பழைய வேட்டிய விரிச்சு வச்சிருவா. மத்த பூவெல்லாம் தரையில விழுந்தா சாமிக்கு ஆகாது, இது ஒண்ணத்தான் பொறுக்கி வைக்கலாம், சாமிக்காகத் தானே இறங்கி வர்ற பூன்னு சொல்லுவா. எதிர்வீட்டு முனீராவும் ஒரு பிடி அள்ளிட்டுப் போவாங்க, தலைமாட்டுல வச்சுக்க. அப்புறம் ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டினாங்க, நெருப்புப் பிடிச்சா வழி வேணும், தொட்டிய எடுங்கன்னு. அவங்க சொன்னதும் நியாயம்தான். இந்த ஊர்ல எல்லாரும் நியாயமாத்தான் சொல்றாங்க, அதான் எனக்கு எரிச்சலே. யாரத் திட்டுறதுன்னு தெரியல.

ஐயோ, முகத்த அப்படி வச்சுக்காதீங்க. உசுரோடதான் இருக்கா. நல்லா இருக்கான்னு சொல்ல முடியாது. சர்க்கரைம்மா. கண்ணு மங்கி மங்கி இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. டிசம்பர்ல வலது காலு, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

வேலையில இருந்த வரைக்கும் பிரச்சினை இல்ல. மாசம் ஒரு தடவ பராமரிப்பு பாக்க இங்க வருவேன். விடியக்காலையிலயே வந்து டிபன் பாக்ஸ்ல பூ அள்ளிட்டுப் போவேன். ரெண்டு கையிலயும் வாங்கி மூஞ்சிய உள்ள வச்சுக்குவா. ரிட்டயர் ஆனதும் அது நின்னு போச்சு. கடையில வாங்கலாம்னா இந்தப் பூவ எவன் விக்கிறான்? ஒரு மணி நேரத்துல வாடிரும். சிராங்கூன் ரோடு பூரா அலைஞ்சேன், மல்லி இருக்கு, முல்லை இருக்கு, இது இல்ல. அப்புறம் ஒரு கோயில்ல மரத்தப் பாத்துட்டு, கேட்டு அள்ளிட்டுப் போயி, உன் மரத்துப் பூதான்னு குடுத்தேன். மோந்து பாத்துட்டு, இது என்னுது இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டா. என்னம்மா வித்தியாசம் தெரியும் அதுல? அவளுக்குத் தெரியுது.

கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன், கேட்டுட்டீங்க. கார்டு இருந்தப்ப அவள ஏன் இங்க கூட்டிட்டு வரலன்னுதானே? அவ நடந்துக்கிட்டிருந்தா, கண்ணும் தெரிஞ்சுச்சு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னே நாலு வருஷம் ஓட்டிட்டேன். கோபம் உங்க மேல இல்லம்மா. கத்தினேன்ல, மன்னிச்சுக்குங்க. எல்லாம் என் மேலதான்.

ஆமா, பத்து நிமிஷம்தான். நீங்களே கூட வாங்க, பக்கத்துலயே நில்லுங்க. ஒரு இலையக்கூட ஒடிக்க மாட்டேன். உங்க பொறுப்புலயா? ரொம்ப நன்றிம்மா. எங்க, கையெழுத்து இங்கயா?

ஒருத்தர்னு போடாதீங்க, ரெண்டு பேருன்னு போடுங்க. அந்தா பாருங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல, வீல் சேர்ல, நீலச் சால்வை. அவதான். வெட்டப் போறது அவளுக்குத் தெரியாது, மரத்தப் பாக்கப் போறோம்னு மட்டும் சொல்லிக் கூட்டியாந்தேன். அஞ்சரைக்கே குளிச்சுட்டு ரெடியா உக்காந்திருந்தா, மடியில பழைய வேட்டி.

இருங்க, போய்க் கூட்டியாந்துர்றேன். ஒரே ஒரு உதவி. வீல் சேர் சரிவுல ஏறுற அந்தக் குப்பை ரூம் பக்கக் கேட்டையும், மேல தோட்டத்துக் கேட்டையும் முன்னாடியே தொறந்து வச்சிருங்க. அவ வர்றப்ப அந்த பீப் சத்தம் கேக்கக்கூடாது. செடியக் குடுக்க மாட்டேன்னு தொட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாம்மா, இங்க நட எடுத்துட்டு வந்த அன்னிக்கு. யாரு வேணா எப்ப வேணா போற எடம், அங்க கேட்டே கிடையாதுன்னு சொல்லித்தான் வாங்கிட்டு வந்தேன்.