வெள்ளச்சியின் பாதி முத்து

— இப்ப என்ன பண்றா அவ? டிவில சத்தத்தையே காணோம்.

— தளபதிய மடியில சாச்சு வச்சிருக்காங்க. பனி கொட்டுது. அவ வெள்ளப் பாவாடையெல்லாம் ரத்தம்.

— அவ ரத்தமா, அவன் ரத்தமா?

— அவனோடதுதான். நெஞ்சுல அம்பு பாஞ்சிருச்சே, செவ்வாக்கிழம சொன்னேனே. ஐயோ, கைய ஆட்டாதீங்க. ஊசி நகந்தா மெஷின் கத்தும். நர்ஸ் மிஸ்ஸி ஓடியாந்து என்னையத்தான் ஏசும்.

— தாமர, அந்த வெள்ளச்சி நரிதானே? மந்திரம் போட்டு அம்பப் புடுங்க வேண்டியதுதானே?

— ஆயிரம் வருஷத்து நரிங்க. ஆனா மந்திரத்தயெல்லாம் இவனுக்காகவே செலவழிச்சு முடிச்சிட்டா. மலைய விட்டு எறங்குனது, வால அறுத்துக்கிட்டது, நெருப்புல நடந்தது, அத்தனையும் இவனுக்காகத்தான். இப்ப மிச்சம் இருக்கறது வயித்துக்குள்ள இருக்கற முத்து ஒண்ணுதான். அதுலதான் அவ உயிரே இருக்கு.

— இந்தப் பொம்பளைக்கு வேற வேலையே இல்லியா? அம்பத்தெட்டு எபிசோடா ஒரே ஆள் பின்னாடி.

— பேசுறாரு பாரு! நாலு வருஷமா செவ்வா, வியாழன், சனின்னு நானும்தான் ஒரே ஆள் பின்னாடி இந்த டயாலிசிஸ் செண்டருக்கு வந்துக்கிட்டிருக்கேன்.

— அதுக்குத்தான் சொல்றேன், வராதன்னு. செண்டர் வேன் வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கும்.

— சர்க்கரை உங்க ரெண்டு கண்ணையும் தின்னுட்டுப் போயிருச்சு. உங்கள வேன்ல ஏத்தி விட்டுட்டு நான் வீட்டுல ஒக்காந்து என்ன பண்றதாம்?

— தாமரை அக்கா, டிவி சவுண்ட் கொஞ்சம் கூட்டட்டா? ரிமோட் என் கையிலதான் இருக்கு.

— கூட்டு, உஷா. நீயும் பாக்கறதானே?

— பாக்காம? நாலு மணி நேரம் என்னையும்தானே இந்த மெஷின்ல மாட்டி வச்சிருக்காங்க. சுவத்தையா பாக்கறது லா?

— சவுண்ட கூட்டி என்னம்மா உஷாராணி, சீனத்துலல்ல கத்துறானுங்க. எனக்கு இவ சொன்னாத்தான் கதை.

— என்ன சபாபதி அண்ணே, முப்பது வருஷம் சீன மொதலாளி தவுக்கேகிட்ட லோரி ஓட்டுனேன்னு அவ்ளோ பெருமையா சொல்வீங்க. சீனம் வராதா?

— தெலுக் பங்லிமா காராங்ல சாமான் ஏத்தி ஸ்ரீ கெம்பாங்கான்ல எறக்குறவனுங்க பேசுற சீனம் வேறம்மா. ரெண்டு வார்த்தைக்கு ஒரு கெட்ட வார்த்தை. இது ராஜா வீட்டு சீனம்.

— கீழதான் மலாய்ல எழுத்து ஓடுதே. நான் படிச்சு சொல்றேன், அவரு கேக்கறாரு. இருங்க, இருங்க. முத்த வெளிய எடுத்துட்டா! கையில வெளிச்சமா மின்னுது. பாதிய ஒடச்சு அவன்கிட்ட நீட்டறா.

— பாதிய குடுத்துட்டா அவ என்னாவா?

— பாதியோட இருப்பா. ஆயிரம் வருஷம் வாழறவ ஐநூறு வருஷம் வாழ்ந்துட்டுப் போறா. கொறஞ்சா போயிருவா?

— வாங்க மாட்டான். ஆம்பளையா இருந்தா வாங்க மாட்டான்.

— ஆம்பளையா இருந்தா சாவணுமா?

— நீ எங்க சுத்தி எங்க வந்து நிக்கறன்னு எனக்குத் தெரியுது, தாமர. அந்தப் பேப்பர பைக்குள்ளயே வை.

— நாளைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரில அதக் கேப்பாங்கங்க. என் ரத்தம் உங்களுக்குச் சேருது. என் கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. டாக்டர் மூணு வாட்டி பாத்துட்டாரு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— இருபத்தெட்டு வருஷத்துல நான் உனக்கு என்ன செஞ்சேன்? லோரியே வீடுன்னு கெடந்தேன். இப்ப ஒன்ன படுக்க வச்சு, வயித்த அறுத்து, அதையும் எடுத்துக்கவா?

— புடுங்கியா எடுக்கறீங்க? நான்ல குடுக்கறேன்.

— ஒனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா? எனக்குப் பயமா இருக்கு, அவ்ளோதான். போதுமா? விடு. சத்தம் மாறிருச்சு, விளம்பரம் போட்டுட்டான் போல. கொஞ்சம் கண்ண மூடறேன். படம் வந்தா எழுப்பு.

— அக்கா… தாமரை அக்கா. அண்ணன் தூங்கிட்டாரா?

— கொறட்ட கேக்குதே. தலைய சாச்சா போதும், அவருக்கு.

— கோவிச்சுக்காதீங்க. கீழ மலாய்ல ஒண்ணு போடறான், நீங்க வேற ஒண்ணு சொல்றீங்க. நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டிருந்தப்ப அந்தத் தளபதி முத்த வாங்கி ஆத்துல வீசிட்டான், கா.

— பாத்தேன்.

— "உன் உயிர எடுத்துக்கிட்டு நான் வாழ மாட்டேன்"னு வசனம் வேற. இனிமே செத்துருவான் லா.

— தெரியும். நேத்தே போன்ல முடிவு வரைக்கும் பாத்துட்டேன். செத்துருவான். அவ ஆத்தங்கரையில கல்லா மாறி ஒக்காந்துருவா.

— அப்ப எத்தன நாளா இப்படி மாத்தி மாத்தி சொல்றீங்க?

— அம்பு பட்டதுல இருந்து. அதுவரைக்கும் எழுதுனத எழுதுன மாதிரிதான் சொன்னேன். ஆனா அவன் பேச ஆரம்பிச்சான் பாரு, அப்படியே இவரு பேசற பேச்சு. ஒரு எழுத்து மாறல.

— பொய் சொல்லி கையெழுத்து வாங்கறது தப்பில்லையா, கா?

— தப்புதான். என்ன பண்ணச் சொல்ற? அழுதேன், சண்ட போட்டேன், ரெண்டு நாள் சாப்புடாம இருந்தேன். எதுக்கும் மசியல. கதையில வர்றவன் வாங்கிக்கிட்டான்னா, இவருக்கும் வாங்கிக்கலாம்னு தோணும்ல? அவன் வீரனா செத்துருவான். அவ கல்லா கெடப்பா. டிவி பாக்கறவங்க எல்லாரும் ஐயோ என்ன காதல், என்ன காதல்னு கண்ணத் தொடச்சுக்குவாங்க. எனக்கு அந்தக் காதல் வேணாம், உஷா. சாயந்தரம் ஆனா எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்து, அளந்து குடுக்கற அர கப் தேத்தண்ணிய குடிச்சுட்டு, இனிப்பு பத்தலன்னு மொணங்க ஒரு ஆள் வேணும்.

— சரி, சரி, அழாதீங்க. படம் போட்டுட்டான். நான் வாயத் தெறக்க மாட்டேன்.

— என்னங்க. எந்திரிங்க.

— ம்? யாரு இப்படிக் கத்துறது? வெள்ளச்சியா?

— ஆமாங்க.

— நெஞ்சு வெடிக்கற மாதிரி அழறாளே. என்ன ஆச்சு?

— அது வந்து… சந்தோஷத்துல அழறா. தளபதி முத்த வாங்கிக்கிட்டான்.

— வாங்கிக்கிட்டானா? என்ன சொல்லி வாங்குனான்?

— "நீ குடுத்து நான் வேணாம்னு சொன்னா, அது ஒன்ன அடிச்ச மாதிரி. பாதி உங்கிட்ட இருக்கட்டும், பாதி எங்கிட்ட இருக்கட்டும். மிச்ச காலத்த ஒரே முத்துல ஓட்டிக்குவோம்"னு சொன்னான்.

— அப்படியா சொன்னான்? நல்லாத்தான் பேசறான்.

— காயம் மூடிருச்சுங்க. எந்திரிச்சு ஒக்காந்துட்டான். மூஞ்சில ரத்த ஓட்டம் வந்துருச்சு.

— அவளுக்கு ஒண்ணும் ஆகலியே? நல்லா பாத்துச் சொல்லு.

— ஒண்ணும் ஆகல. கொஞ்சம் அசந்து போயிருக்கா. அவன் தோள்ல சாஞ்சிருக்கா. தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்.

— தாமர.

— சொல்லுங்க.

— பேப்பர எடு.

— என்னது?

— பேப்பர எடுன்னேன். பேனாவும் எடு. ஊசி குத்தாத கையில குடு. எங்க போடணும்னு என் விரலப் புடிச்சு கோட்டு மேல வை. கோணலாப் போனா சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

— இங்க. இந்தா, இங்கதான்.

— போட்டாச்சு. ஆஸ்பத்திரில ஒன்ன உள்ள கூட்டிட்டுப் போறப்ப நான் கதவுகிட்டயே இருக்கணும். அத மட்டும் டாக்டர்கிட்ட கேட்டு வை. என்ன, மூக்க உறிஞ்சற? அழறியா?

— சந்தோஷத்துலதாங்க.

— அவளும் நீயும் ஒரே ஜாதி போல. போ, போய் மூஞ்சக் கழுவு.

— மிஸ்ஸிகிட்ட கேட்டு இத ஒரு காப்பி எடுத்துட்டு வந்துடறேன். உஷா, ரெண்டு நிமிஷம் அவரப் பாத்துக்க.

— போயிட்டு வாங்க அக்கா. அண்ணே, சீரியஸ்லி, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அந்தத் தளபதிக்குத்தான் நீங்க தேங்க்ஸ் சொல்லணும் லா.

— அவன் செத்துப் பத்து நிமிஷம் ஆகுதேம்மா.

— அண்ணே! உங்களுக்கு எப்படி…?

— முப்பது வருஷம் தவுக்கே லோரில சீன ரேடியோ ஒண்ணுதான் எடுக்கும். ராஜா வீட்டு சீனம்னுதான் சொன்னேன், புரியாதுன்னு சொன்னேனா? "உனக்கென்ன, நீ போயிருவ, நான் யாருக்காக இருக்கறது"ன்னு அந்தப் பொம்பள கத்துனதும் கேட்டுச்சு. அத என் பொண்டாட்டி சந்தோஷம்னு மாத்துனதும் கேட்டுச்சு. காலடிச் சத்தம் வருது, வர்றா போல. அவகிட்ட சொல்லித் தொலைச்சிராதம்மா. செத்தவன எனக்காக எழுப்பி ஒக்கார வச்சவகிட்ட, நான் மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?