இரண்டாவது குதிகால்

காப்பியை முதலில் குடித்துவிடுங்கள் சார், ஆறினால் ஏடு கட்டிவிடும். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்றது நல்லதாய்ப் போயிற்று. திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. மலையாளத்தில் காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். ஒரு காரியத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லத் தமிழ்தான் வருகிறது.

நீங்கள் மறுவாழ்வு மையத்திலிருந்து ரெம்யாவைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். என் மகள் மாளவிகா அனுப்பிய புகாரை நானும் படித்தேன். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட், நோயாளியின் காலில் சூடு வைக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லவில்லை, அதனால் அவருடைய குதிகால் இரண்டும் வெந்துபோயின, இனி அவர் நடக்க முடியாது என்று எழுதியிருக்கிறாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். எங்கே குறை என்று தேடுவதில் அவள் அப்பாவின் பிள்ளை. ஆனால் ரெம்யா சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். அதை எழுதிக்கொள்ளுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பூதலிங்கம் தராசும் எடைக்கல்லும் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். சாலைக் கடைத்தெருவில் அவர் கால் வைத்தால் பாதிக் கடையில் பேச்சு நின்றுவிடும். நேர்மையான மனிதர், ஒரு கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்தவரில்லை. வெளியே குறை கண்டுபிடிக்க அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதைச் சும்மாவே செய்தார். என்னை அடித்ததில்லை, ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவார். கௌசல்யா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்குத் தெரியும்.

என் அம்மா வடசேரியில் செத்தபோது எடுக்கிற வரைக்கும் இருக்க விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகட்டுமா என்று கேட்டேன். “செத்தவ வந்து பாக்கப் போறாளா? இங்க ஆரு சோறு பொங்குவா?” என்றார். அன்றைக்கு நான் சோறு பொங்கினேன். கத்திரிக்காய்த் தீயல் வைத்தேன். உப்பு குறைவு என்றார்.

போன வருஷம் ஐப்பசியில் ஓர் அரிசி மண்டியில் தராசைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், முதுகில் குத்துகிறது என்று மூட்டைமேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தால் இரண்டு காலும் வரவில்லை. மூளைக்கு வருகிற ஸ்ட்ரோக் முதுகுத்தண்டுக்கும் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மூத்திரத்துக்குக் குழாய். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். ஐம்பத்து மூன்று வயது அவருக்கு.

மனைவியாக நான் என்ன குறை வைத்தேன் என்று உங்கள் மையத்து நர்சுகளைக் கேளுங்கள். ஒரு புண் வர விட்டதில்லை. பெட்டிலேயே குளிப்பாட்டினேன், ஊட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவர் என்னைப் பார்த்து, “கௌசல்யா, இங்க வந்து கொஞ்ச நேரம் இரியேன்” என்றார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் தினமும் கூப்பிட்டார். சின்ன வயதில் அப்பாவுக்குப் பயந்து எருமைத் தொழுவத்தில் ஒளிந்திருந்ததைச் சொன்னார். நான் பாடுவேன் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க அம்மைக்க காரியத்துக்கு உன்ன விட்டிருக்கணும், பாவி நான்” என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது அந்த மாதம்தான் சார்.

மார்கழியில் உங்கள் மையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாரம் மூன்று நாள் ரெம்யா வந்தாள். நல்ல கை அந்தப் பெண்ணுக்கு. வந்த முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: “ஆன்ட்டி, ஒரு காரியம். அங்கிளினு தொட்டா அறியும், பட்சே சூடு அறியில்லா. வேதனையும் அறியில்லா. ஹாட் வாட்டர் பேக், கிழி, ஒண்ணும் வேண்டா கேட்டோ.” தொடுகிறது தெரியும், சுடுகிறதும் வலிக்கிறதும் தெரியாது, அதனால் சூட்டு ஒத்தடம் எதுவும் கூடாது. எனக்கு நன்றாகவே புரிந்தது. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் வருகிற பலம்தான் வரும் என்றும் சொன்னாள்.

பலம் வந்தது. கட்டைவிரல் அசைந்தது, முட்டி மடங்கியது. தை முடிவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சாமிக்கு விளக்குப் போட்டேன், பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். நான் அவர் நடப்பதை விரும்பவில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஆனால் கால் வர வர மற்றதும் கூடவே வந்தது. முதலில் ‘கௌசல்யா’ போயிற்று. பிறகு இட்லி கல்லாயிருந்தது. பிறகு பக்கத்து வீட்டு ரத்னாபாயோடு எனக்கு என்ன பேச்சு என்று கேட்டார். மாசி பிறந்த வாரம் அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது, “அம்மா காரியத்துக்கு விட்டிருக்கணும்னு அன்னைக்குச் சொன்னியளே” என்று நானாகவே பேச்செடுத்தேன். இன்னொரு தடவை கேட்கலாமே என்ற ஆசைதான். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நானா? மருந்து மயக்கத்துல வல்லதும் உளறியிருப்பேன். அதையெல்லாம் பிடிச்சு வச்சிட்டிருக்காதே” என்றார்.

கொடுத்ததை இப்படித் திருப்பி வாங்கிக்கொள்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. உள்ளே எரிந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அடுக்களை வரைக்கும் பதினோரு அடி நடந்தார். ரெம்யா பின்னாலேயே வந்து எண்ணினாள். நான் அடுப்படியில் நின்று கைகூப்பினேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் திறந்தார். “ஏட்டி, இது புளிக்கறியா, களுவுன தண்ணியா?” என்றார். ரெம்யா கைதட்டிச் சிரித்தாள். அவர் நடந்ததற்குச் சிரித்தாள், அது எனக்குத் தெரியும். விஷுவுக்கு முன்னால் ஊன்றுகோல் போதும், அப்புறம் ஆபீசுக்கே போகலாம் என்றாள். “போறேன், அதுக்கு முன்ன இந்த வீட்ட ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வரணும்” என்றார் அவர்.

கிழி, அதாவது இலையை வதக்கித் துணியில் முடிந்து சூடாக ஒத்துகிறது, ரத்னாபாய் சொன்ன யோசனை. இந்த ஊரில் கால் விழுந்தவன் வீட்டில் கிழியைப் பற்றிப் பேசாமல் யாரும் எழுந்து போக மாட்டார்கள். “இலக்கிழி பிடிச்சா எலும்புக்குப் பெலம், எனக்க மச்சினன் அப்பிடித்தான் எழும்பி நடந்தான்” என்று ஒரு கூடை இலை பறித்துக் கொண்டுவந்து வைத்தாள். எருக்கு, முருங்கை, புளி, நொச்சி. மறுநாள் சனிக்கிழமை ரெம்யா வேறு வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்தவள், கூடையைக் கண்டுவிட்டு, “ஆன்ட்டி, ஞான் பறஞ்ஞது மறக்கருது” என்றாள். மறக்க மாட்டேன் என்றேன். மறக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் மல்லாந்து படுத்துப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். இலையை அரிந்து, தேங்காயும் எலுமிச்சையும் போட்டு வதக்கித் துணியில் முடிந்தேன். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுக் கிழியைச் சூடாக்கினேன். கிழியை முதலில் புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. நானும் வைத்துப் பார்த்தேன். இரண்டு எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது, பாருங்கள், இந்தத் தழும்பு அன்றைக்கு வந்ததுதான். அந்தச் சூட்டோடு கொண்டுபோய் அவருடைய வலது குதிகாலில் வைத்து அழுத்தினேன்.

முழங்காலில் வைத்திருக்கலாம், தொடையில் வைத்திருக்கலாம். மனிதன் நிற்கிறது குதிகாலில்தான்.

அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “சொகமா இருக்கு, இன்னும் கொஞ்சம் அமத்து” என்றார். அமுக்கினேன். எண்ணெயும் இலையும் மணத்ததால் வேறு வாசனை ஒன்றும் தெரியவில்லை.

வலது காலோடு நிறுத்தியிருந்தால் நானே அதைக் கைத்தவறு என்று நம்பியிருப்பேன். தோல் வெளுத்து மேலே எழும்பியதைப் பார்த்தேன். கிழி ஆறியிருந்தது. எழுந்து அடுக்களைக்குப் போய், கல்லில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி சூடாக்கி, புறங்கையில் வைத்துப் பார்த்து, அதே சூடுதான் என்று தெரிந்த பிறகு இடது காலுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. இரண்டு ஆபரேஷன், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், சீழ் பிடித்தது. நான்கு மாதம் காலைக் கீழே வைக்கக் கூடாது என்றார்கள். நரம்பு சுருங்கி, பாதம் கீழ்நோக்கி மடங்கிப்போயிற்று. வந்த பலமெல்லாம் போயிற்று. போன மாதம் டாக்டர், இனி வீல்சேர்தான் என்றார். எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள். பாசத்தில் செய்தது, தெரியாமல் செய்தது, நீ அழாதே என்றார்கள். மாளவிகா என்னைக் கட்டிக்கொண்டு, “அம்மா, அந்தப் பொண்ணு உங்கிட்ட சொல்லலையா?” என்று கேட்டாள். நான் அழுதேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. ரெம்யாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறீர்களாம், உடனே கூப்பிடுங்கள்.

அவருக்குத் தெரியுமா என்றுதானே கேட்கப் போகிறீர்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு குதிகால் புண்ணையும் எடுத்த படத்தை டாக்டர் அவரிடம் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் போன பிறகு, “ரெண்டும் ஒரே அளவா இருக்கே” என்றார். முப்பது வருஷம் அளவு பார்த்த கண் அல்லவா. நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றிலிருந்து என்னைக் கௌசல்யா என்றுதான் கூப்பிடுகிறார். உப்பு சரியாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சரியாக இருக்கிறது. டிவி சத்தத்தைக் கூட்டட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கூட்டுகிறார். ஆவணியில் அம்மாவுக்குத் திதி வந்தது, அவரே ஞாபகப்படுத்தி, போய் இருந்துவிட்டு வா என்றார். மாளவிகாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். உள்ளே வந்து அவரையே கேளுங்கள், என்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டார்.

நீங்கள் போலீசுக்குச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். எது நடந்தாலும் எங்களுக்குள் இப்போது இருக்கிற அன்பு நிஜம். ரத்னாபாய்தான் போன வாரம், “அண்ணாச்சி உன்னப் பாத்துச் சிரிக்கது சிரிப்பா? பயந்து சாவுகாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன தெரியும் சார். அவர் படி ஏறி வருகிற சத்தம் கேட்டால் இருபத்தாறு வருஷம் நானும் அப்படித்தான் சிரித்தேன். எனக்குப் பயம் என்று அப்போது யாரும் சொல்லவில்லையே.