மனைவி பெயர் எழுதும் இடத்தில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷப் பங்குனி. பெங்களூர் அல்சூரில் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு மல்லேஸ்வரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண். அவளோடு ஆபீஸில் வேலை பார்க்கும் பையன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“லலிதா, கல்யாணம் ஆனவங்களுக்கு வருமான வரியில சலுகை உண்டாம். ஆபீஸ்ல குடுத்த ஃபாரத்துல, மனைவி பேருன்னு கேட்ட இடத்துல உங்க பேரை எழுதிட்டேன்.”

என் மடியிலிருந்த தேங்காய் மூடி உருண்டு ஓடியது.

“யாரைக் கேட்டு எழுதினீங்க?”

“கேட்கத்தான் மூணு மாசமா இதே பஸ்ல வரேன். என் வீடு இந்தப் பக்கமே இல்லே, பசவனகுடியில இருக்கு.”

“ஃபாரத்தைக் குடுத்தாச்சா?”

“இல்லே. பொய் சொல்லிக் கையெழுத்துப் போட மனசு வரல. நீங்க வேண்டாம்னா கிழிச்சிடறேன்.”

முருகா, இவள் வாயில் நல்ல வார்த்தை வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“பென்சில்ல எழுதினீங்களா, மையிலயா?”

“மையிலதான்.”

கண்ணைத் திறந்தபோது அவள் ஃபாரத்தை டிபன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாகிட்ட நானே காட்டறேன். முப்பது வருஷம் அரசாங்க கஜானாவுல இருந்தவர். மையில எழுதினதை அடிச்சுத் திருத்த அவருக்குக் கை வராது.”