அமுக்கிப் பார்த்துச் சொன்னேன்

சின்ன காரில் ஒரு வசதி உண்டு. பானெட்டைத் தூக்கினால் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதனால்தான் நான் அந்த வேலையைப் பழகிக்கொண்டேன். கார் ஓட்ட எனக்கு வராது. ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வியர்த்துவிடும். ஓட்டுவது தங்கச்சி, பார்த்துக்கொள்வது நான். நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன், மேடம். இதைச் சொல்லாமல் அது புரியாது.

அவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம், இருந்தாலும் அப்படித்தான் வாயில் வருகிறது. பாப்பாவுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. காலையில் கிளம்பினால் டாக்டர் டாக்டராகப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத்தான் வருவாள். நான் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். என் வேலையில் யாரும் என்னோடு அதிகம் பேச வேண்டியிருக்காது. எனக்கும் அது சௌகரியம்தான்.

என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் இருக்கிற ரேடியேட்டருக்கு மேலே ஒரு ரப்பர் ஹோஸ், கீழே ஒரு ஹோஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டையும் விரலால் அமுக்கிப் பார்ப்பேன். நல்ல ரப்பர் அமுங்கி, விட்டதும் எழும்பும். கெட்டுப்போனது கொழகொழவென்றிருக்கும், இல்லாவிட்டால் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். கிளிப் ஓரத்தில் உப்புப் பூத்தாற்போல் இருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். தெருமுனை மெக்கானிக் அண்ணன் போகிற போக்கில் நின்று கேட்பார்.

"என்னம்மா, நாடி பாத்தாச்சா? பொழைக்குமா?"

"என் கையக்கூட அவ இவ்ளோ நேரம் பிடிச்சதில்லண்ணே" என்பாள் பாப்பா.

அது உண்மையில்லை. சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போதெல்லாம் நான்தான் பிடித்திருக்கிறேன்.

ஓடி நின்ற வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதற்கு முன்னால், துணியைச் சுற்றிக்கொண்டு மேல் ஹோஸை அமுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருந்தால் அது கட்டைபோல் விறைத்து நிற்கும். அப்போது உள்ளே இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணத்தில் மொத்தமும் கொதித்து வெளியே பாயும். இதைப் பாப்பாவுக்கு ஒருமுறை விளக்கினேன்.

"ஐயோ, பாடம் எடுக்காதக்கா. நீ அமுக்கிப் பாத்துச் சொல்லு, நான் திறக்கறேன்."

அதுவே வழக்கமாகிவிட்டது. என் மணிக்கட்டில் அவ்வளவு பலம் கிடையாது. நான் சொல்லாமல் அவள் ஒருநாளும் மூடியில் கைவைத்ததில்லை. இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

மாற்றல் கிடைத்த செய்தியை அவள் வாய் நிறையச் சாப்பாட்டோடுதான் சொன்னாள்.

"வேற ஊருக்கா? நீயா கேட்டு வாங்கின?"

"ஆமாக்கா. நான் சாப்பாட்டு டப்பாவுல மிச்சம் வச்சிருக்கனான்னு திறந்து பாக்கறதவிட்டு நீயும் ஏதாவது வேற வேல பாரேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "காரை நான் எடுத்துட்டுப் போறேன். நீதான் ஓட்டறதில்லையே. வேணும்னா ஹோஸைக் கழட்டி வச்சுக்க."

நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிறு கீழ் ஹோஸின் கிளிப் ஓரத்தில் கசிவு தெரிந்தது. மாற்றுவதற்குப் புது ஹோஸ் அலமாரியில் இருந்தது. மாற்றவில்லை. சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் மாற்றவில்லை, ரேடியேட்டரில் குறைந்த தண்ணீரையும் ஊற்றவில்லை. "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். சரியாக இருப்பதாகச் சொன்னேன்.

புது ஊரில் அவள் அறை பார்க்கக் கிளம்பிய அன்று நானும் ஏறிக்கொண்டேன். அவள் கூப்பிடவில்லை. ஊரைத் தாண்டி மேட்டுச் சாலையில் சூடு காட்டும் முள் ஏறியது. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கைப்பேசியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"ஆறிடுச்சாக்கா? அறையக் காட்ற அம்மா காத்துட்டிருக்காங்க. விட்டா வேற யாருக்காவது குடுத்துருவாங்க."

துணியைச் சுற்றி மேல் ஹோஸைப் பிடித்தேன். விரல் கொஞ்சமும் உள்ளே இறங்கவில்லை.

"ஆறிடுச்சு. திற" என்றேன்.

கையில்தான் கொஞ்சம் சுடும், சில வாரம் ஓட்ட முடியாது, அதற்குள் புது ஊர் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்ததாக இன்று வந்ததும் முதலில் உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை. அவள் மூடியைப் பிடித்ததும், "நல்லா குனிஞ்சு பாரு, தண்ணி எவ்ளோ இருக்குன்னு" என்றேன். சொல்லிவிட்டு நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி நாட்கள் மோசமானவை என்று சொல்ல மாட்டேன். தட்டில் எது எங்கே இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். முகத்துக்கு மருந்து போட்டேன், தலை வாரிவிட்டேன். இரண்டு கண்ணும் இனித் தேறாது என்று டாக்டர் சொன்ன அன்று அவள் அழவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு ஹோஸ் எப்படி இருந்துச்சு?"

"மெத்துனுதான் இருந்துச்சு."

"ம்" என்றாள். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டுமென்றால்கூட நர்ஸைத்தான் கூப்பிட்டாள். என் கை பட்டால் தோளைச் சுருக்கிக்கொண்டாள். வெந்த தோல், யார் தொட்டாலும் வலிக்கத்தான் செய்யும்.

அவள் கொடுத்த வாக்குமூலத்தை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அவசரப்பட்டுத் தானாகவே திறந்துவிட்டாளாம், அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடப்போகிறீர்கள். கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அவளைத் தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். பார்வை இல்லாதவர்களுக்குப் பயிற்சி தரும் இடம் அங்கே இருக்கிறதாம். முகவரியை எனக்குத் தரக் கூடாது என்று பாப்பா உங்களிடம் கேட்டுக்கொண்டாளாம். அவ்வளவு மருந்து உள்ளே போனால் யாரும் அப்படி ஏதாவது பேசத்தான் செய்வார்கள்.

அதனால்தான் நானாக வந்தேன். அவள் சொன்னது பொய். ஹோஸ் கட்டைபோல் இருந்தது. தெரிந்துதான் திற என்றேன், தெரிந்துதான் குனியச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வழக்கு என்று வந்தால் அவள் சாட்சி சொல்ல வந்தாக வேண்டும், இல்லையா? ஒரு தடவையோடு முடியாது, வருஷக்கணக்கில் இழுக்கும் என்றும் சொல்கிறார்கள். பழகாத ஊர், கண் தெரியாது, துணையில்லாமல் திண்டாடுவாள். அதற்கென்று ஆள் யாரையும் அனுப்ப வேண்டாம், மேடம். முகவரியை மட்டும் கொடுங்கள், ஒவ்வொரு தடவையும் நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.