சப்தமிக்கு மறுநாள்

பால் பொங்கி வழிந்தால் அதற்கு அடுப்புதான் காரணம் என்று கல்யாணம் ஆகும்வரை நினைத்திருந்தேன். வள்ளியூரில் அப்படித்தான். தொண்ணூற்று மூன்றில் பாளையங்கோட்டைக்கு வாழ வந்த பிறகுதான் ஆழ்மனம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

என் மாமனார் நாறும்பூநாதன் கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கல்லூரிக்குத்தான் கிடைத்தது. வீட்டில் வகுப்பு நடந்துகொண்டே இருந்தது. நான் தட்டைக் கீழே போட்டால் அது அடக்கிவைத்த கோபம். அவர் மகன் மகேஸ்வரனின் சட்டைக்குப் பொத்தான் தைக்க மறந்தால் அது புருஷன் மேல் வெறுப்பு. இல்லை என்று சொல்லவும் முடியாது.

"மறுக்க பாத்தியா, அதான் அத்தாட்சி" என்பார். "மனசு எதையும் சும்மா மறக்காதும்மா. மறக்கணும்னு உள்ள ஒரு ஆசை கெடக்கும்."

நல்ல மனிதர்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த என் மாமியாருக்கு அவரே தலை வாரி, அவரே கஞ்சி ஊட்டினார் என்று தெருவே சொல்லும். நான் வருமுன்பே அத்தை போய்விட்டார்கள். வெள்ளிதோறும் படத்துக்குப் பிச்சிப்பூ வாங்கி வருவார்.

ஒருநாள் சொந்தக்காரர்கள் நிறைந்த முன்கட்டுப் பட்டாசலில், எனக்குப் பிள்ளை தங்காததற்கும் காரணம் சொன்னார். "டாக்டர்ட்ட என்ன இருக்கு? இவ ஆழ்மனசு பிள்ள வேண்டாங்குது." எல்லாரும் தலையாட்டினார்கள், என் புருஷன் உட்பட. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் காபியில் யாருக்கும் சர்க்கரை கூடவோ குறையவோ இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பையிலிருந்த பூப்பொட்டலத்தை எடுத்து ஒளித்துவைத்தேன். பையைத் துழாவினார். "வாங்குன மாதிரில்லா இருந்து" என்றார். நானாயிருந்தால் வழியில் விழுந்திருக்கும் என்று விட்டிருப்பேன். படித்தவர், அப்படி விடமாட்டார். அடுத்த வெள்ளியும் பூ இல்லாமல் போகவே, யோசிக்க ஆரம்பித்தார்.

அத்தையின் திதி ஆடி மாதத் தேய்பிறை சப்தமி. வருஷம் பிறந்ததுமே தினசரிக் காலண்டரில் அந்தத் தாளைத் தேடிப்பிடித்து சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிடுவார். பலசரக்குக் கடையில் அதே காலண்டர் இன்னொன்று மிச்சம் கிடந்தது. கேட்டேன், அண்ணாச்சி சும்மாவே கொடுத்தார். அன்றைய தேதிவரை கிழித்து, சப்தமிக்கு மறுநாள் வட்டம் போட்டு, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினேன். கையெழுத்து என்றால் கண்டுபிடித்திருப்பார். வட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

வட்டம் போட்ட அன்று திதி கொடுக்கக் குறுக்குத்துறைப் படித்துறைக்கு மூவரும் போனோம். பஞ்சாங்கத்தைப் புரட்டிய ஐயர், "நேத்துன்னா சப்தமி, பிள்ளைவாள்? விட்டுட்டேளே" என்றார். ஆற்றில் நல்ல தண்ணீர். மாமா முழங்கால் அளவில் நின்றபடி அசையாமல் இருந்தார். "வயசாச்சுல்லாப்பா, விடுங்க" என்று மகேஸ்வரன் சொன்னது அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அவ கெடையில கெடந்தப்ப, போய்ச் சேரட்டும்னு எனக்குள்ள இருந்திருக்குமோ? அப்படி இல்லைன்னுதான் தோணுது."

"மறுக்காதீங்க மாமா" என்றேன், மரியாதையாகத்தான்.

இப்போது பின்கட்டு அறையிலேயே இருக்கிறார். அத்தை படம் மாட்டியிருப்பதால் பட்டாசல் பக்கம் வருவதில்லை. ஒருவேளைதான் சாப்பாடு. யாருக்கும் எதற்கும் காரணம் சொல்வதில்லை. வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது தெரியுமா.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. நடந்ததை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். செய்ததையெல்லாம் நான் தெரிந்தேதான் செய்தேன். உள்ளுக்குள் ஒளித்துவைத்த ஆசை என்று எனக்கு எதுவும் கிடையாது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். அடுக்களைக்குத் திரும்பிய பிறகுதான் ஞாபகம் வருகிறது. மறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒற்றை ஆளாக எத்தனை வேலையைத்தான் பார்ப்பது.